எனக்குக் கேட்காத கிரீச்

இரண்டு மாதமாக வீட்டில் ஒரே புகார். "ஏங்க, பிரேக் போடும்போதெல்லாம் கிரீச்சுனு ஒரு சத்தம் வருது" என்பாள் மனைவி. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முப்பது வருடமாக ஓட்டுகிற எனக்குக் கேட்காதது உனக்குக் கேட்டுவிட்டதா என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

மே மாதம் விடுமுறைக்கு வந்த பேத்தியை ஜமுனாமரத்தூருக்கு அழைத்துப் போனோம். போளூர் வழியாக மலை ஏறும்போது தொல்லை இல்லை. இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் கரகரவென்று இரும்போடு இரும்பு உரசியது. இது எனக்கும் கேட்டது. பெடலின் அதிர்வு காலில் ஏறியது. பின் சீட்டில் பேத்தி மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். இரண்டாவது கியரில் போட்டு, இன்ஜின் பிடியிலேயே, பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் கீழே வந்து சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனேன். என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்த பையன். முன் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினான். புது பேடில் தேயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். என்னுடையதில் ஒன்றுமே மிச்சமில்லை. பின்னாலிருக்கும் இரும்புத் தகடு டிஸ்க்கை உழுது, பழைய கிராமபோன் தட்டு மாதிரி ஆக்கியிருந்தது.

"28,000 கிலோமீட்டர்தானே தம்பி ஓடியிருக்கு? 40,000, 50,000 வரும்னாங்களே?"

"அது பைபாஸ்ல போற வண்டிக்கு சார். நீங்க ஓட்டுறது கிரிவலப் பாதையில இல்ல?"

சரிதான். அந்த 14 கிலோமீட்டரில் மாடு, ஆட்டோ, வேகத்தடை, கைகாட்டாமல் குறுக்கே வரும் பக்தர் என்று எத்தனை முறை மிதிக்கிறோம்! பேடுக்குத் தெரிவது மிதித்த கணக்குதான். நம் பெரிய தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, சக்கரம் ஏறி ஏறிக் கட்டை நைந்துபோகும், வேறு கட்டை எடுப்பார்கள். பேடும் அந்த ரகம். (திருவாரூர்த் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக்கே வந்துவிட்டது. அங்கும் முட்டுக்கட்டைக்காரர்களுக்கு வேலை இருக்கிறது.)

டிஸ்க் அப்படியல்ல. பொதுவாக இரண்டு மூன்று செட் பேடுகளுக்குத் தாங்கும். குறைந்தபட்சம் எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போனால் கடைந்து சரிசெய்யவும் முடியாது, இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். நேரத்தோடு பேடை மட்டும் மாற்றியிருந்தால் 2,000 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். 7,000 ஆனது.

புது பேடைப் பொருத்துமுன் அதன் ஓரத்தில் வளைந்திருந்த சின்னத் தகட்டைக் காட்டினான். "பேடு தேய்ஞ்சா இது டிஸ்க்குல பட்டுக் கத்தும் சார். உங்க வண்டியிலயும் இருந்துச்சு. ரொம்ப நாள் கத்தியிருக்கணுமே?"

கத்தியிருக்கிறது. வயதானால் முதலில் போவது இந்த மெல்லிய, உச்சஸ்தாயிச் சத்தங்கள்தானாம். பேச்சு நன்றாகவே கேட்கிறது, குக்கர் விசில் கேட்கிறது, அதனால் எனக்குத் தெரியவில்லை. தோட்டத்துச் சிள்வண்டுகள் எங்கோ போய்விட்டன என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று இரவு மனைவியிடம் கேட்டேன். "தினம்தான் கத்துது" என்றாள்.

இனி 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றிப் பேடைப் பார்த்துவிடுவது என்று ஏற்பாடு. அடுத்த வருடம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் காது டாக்டரைப் பார்க்க வரும் புதன்கிழமைக்கு டோக்கன் வாங்கியிருக்கிறேன். டிஸ்க் மாற்றியதைப் பெங்களூரில் இருக்கும் மகனிடம் சொல்லிவிட்டேன். காது விஷயத்தை இன்னும் சொல்லவில்லை.