நாம் காணாத விளைச்சல்

அஸருக்குப் பின் நடைபெறும் பாடவேளையில், பத்தாம் வகுப்பு பயிலும் மாணவன் ஒருவன் எழுந்து வினவினான்: "ஹஜ்ரத், ஜெனீவா அருகே 91 கிலோமீட்டர் சுற்றளவில் நிலத்தடி வளையம் அமைக்கத் திட்டமிடுகிறார்களாம். 1500 கோடி சுவிஸ் பிராங்கு செலவாகுமாம். இது இஸ்ராஃப் இல்லையா?"

"வீண்விரயம்தான்" என்று உடனே கூறிவிட்டேன். ஆனால், அறியாத ஒன்றுக்குத் தீர்ப்பு வழங்கிவிட்டோமே என்ற உறுத்தல் உறங்கவிடவில்லை. கலைப் பட்டதாரியாகிய நான் அன்றிரவே தேடிப் படித்தேன்.

செர்ன் ஆய்வுக்கூடத்தில் இப்போதுள்ள வளையம் 27 கிலோமீட்டர். ஏறக்குறைய செஞ்சியிலிருந்து திண்டிவனம் வரையுள்ள தூரம். அதனுள் புரோட்டான்களை ஒளியை நெருங்கும் வேகத்தில் மோதவிட்டு, 2012இல் ஹிக்ஸ் துகளைக் கண்டனர். அதன் இயல்பை நுணுகி அறியவே புதிய வளையம். சராசரி 200 மீட்டர் ஆழம். நம் ராஜகிரியின் உயரத்தைவிடச் சற்றே குறைவு. சாத்தியக்கூறு அறிக்கை 2025 மார்ச்சில் வெளியாயிற்று. ஒப்புதல் கிடைத்தால் முதற்கட்டம் 2040களிலும், அடுத்தது 2070களிலும் இயங்கும்.

செலவு குறித்து அறிஞர்களிடையேயும் விவாதம் உண்டு. டெக்சாஸில் தொடங்கிய 87 கிலோமீட்டர் வளையம், சுமார் 200 கோடி டாலர் செலவான பின் 1993இல் கைவிடப்பட்டது. ஆயினும், இன்று உலகை இணைக்கும் வலைத்தளம் 1989இல் செர்னில் கருக்கொண்டதே! 2017 முதல் இந்தியாவும் அங்கு இணை உறுப்பு நாடு.

2070களில் பலன் தரும் பணியை இன்று திட்டமிடுவோரில் பலர் அதைக் காணமாட்டார்கள். கியாமத் நாள் நெருங்கினாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தது என் நினைவுக்கு வந்தது. நம் கோட்டைக்குள் இருக்கும் சஅதத்துல்லாஹ் கான் பள்ளிவாசலைக் கட்டியோர், முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வரும் நம்மைக் கண்டார்களா?

மறுநாள் வகுப்பில், "நேற்று அறியாமல் சொன்னேன்" என்று ஒப்புக்கொண்டேன். அம்மாணவனிடம், "2040களில் உனக்கு முப்பதைக் கடந்திருக்கும். அங்கே பணிபுரிய நீ செல்லலாமே?" என்றேன். அவன் தலைகுனிந்தான்.

"பத்து முடித்ததும் கடைக்கு வந்துவிடச் சொல்கிறார் அத்தா."

மஃரிப் தொழுதபின் அவன் தந்தையைச் சந்தித்தேன். "யோசிக்கிறேன், ஹஜ்ரத்" என்றார்.

பெற்றோர்களே! ஆயிரம் கோடிகளைவிட, ஒரு பிள்ளையின் அறிவு வீணாவதல்லவா பெரும் விரயம்? சிந்திப்போமாக!