ஒல்லிக்கு ஒரு கோட்டு

ஒல்லியாக இருப்பவனை நம் ஊரில் யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் ஓமக்குச்சி, காலேஜில் வெறும் குச்சி, ஹாஸ்டலில் ஈர்க்குச்சி. ஓமக்குச்சி நரசிம்மன் அந்த உடம்பை வைத்தே சினிமாவில் பல வருடம் நின்றார். அவர் பெயரைச் சும்மா சுமந்த பையன்களுக்கு ஒரு பைசா வரும்படி இல்லை :-)

அப்படி ஒருவன் முதன்முதலாக நல்ல கோட் சூட் தைக்கப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்புப் பக்கம் மலையடிவாரத்தில் மாந்தோப்பு. சின்ன வயதிலிருந்து மரம் ஏறி வளர்ந்த உடம்பு, எவ்வளவு தின்றாலும் ஒட்டாது. ராஜபாளையத்தில் ரிசப்ஷன். கோட் பெண் வீட்டு செலவு (பல வீடுகளில் அப்படித்தானே). ஆக மாப்பிள்ளையைத் தவிர எல்லாருக்கும் அதைப் பற்றி ஒரு அபிப்பிராயம் இருக்கும்.

டெய்லர் டேப்பை எடுத்ததுமே அம்மா ஆரம்பிப்பார். "அண்ணாச்சி, கொஞ்சம் லூசாவே வச்சிருங்க. கல்யாணம் ஆனா உடம்பு வச்சிருவான்."

இந்த ஒரு வாக்கியத்தில்தான் ஒல்லிப் பையனின் மொத்த ஆடை வரலாறும் இருக்கிறது. ஒண்ணாம் கிளாஸ் யூனிஃபார்மில் தொடங்கியது. வளர்ற பிள்ளை, ரெண்டு இஞ்ச் கூட வை. தீபாவளிச் சட்டை, அடுத்த தீபாவளிக்கும் ஆகணும். இருபத்தைந்து வயது வரை அவன் போட்டதெல்லாம் இன்னும் வராத ஒரு உடம்புக்காகத் தைத்தது. இருக்கிற உடம்புக்கு யாரும் அளவெடுக்கவே இல்லை. அம்மா மேல் குற்றம் இல்லை, அது பாசமும் சிக்கனமும் கலந்த கணக்கு. யூனிஃபார்முக்கு அந்தக் கணக்கு சரி. கோட்டுக்குச் சரிவராது.

காரணம் தோள்பட்டை. சட்டை லூசாக இருந்தால் இன்சர்ட் செய்து சமாளிக்கலாம். கோட் முழுக்கத் தோளிலிருந்து தொங்குகிற துணி. தோள் எலும்பு முடியும் இடத்தில் கோட்டின் தோள் தையலும் முடிய வேண்டும். அரை இஞ்ச் தாண்டினாலும் கை மேல்பக்கம் ஒரு பள்ளம் விழும், சோளக்கொல்லை பொம்மைக்கு மாட்டிவிட்ட மாதிரி. இடுப்பைப் பிடிக்கலாம், கை நீளத்தைக் குறைக்கலாம், தோளைத் தைத்த பிறகு திருத்துவது கிட்டத்தட்ட கோட்டைப் பிரித்துத் திரும்பத் தைக்கிற வேலை. சுவரோரமாகப் பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் தெரியும். கைக்கு முன்னால் கோட்டின் தோள் சுவரில் இடித்தால் அந்தக் கோட் அகலம்.

ரெடிமேடில் ஒல்லிக்கு ஏன் அமைவதில்லை என்பதற்கும் இங்கேதான் பதில். ரெடிமேட் சூட்டில் மார்புக்கும் இடுப்புக்கும் வழக்கமாக ஆறு இஞ்ச் வித்தியாசம் வைப்பார்கள். 36 மார்பு என்றால் 30 இடுப்பு. நம் பையனுக்கு இடுப்பு 28. பேண்டை பெல்ட் போட்டு இறுக்கினால் பின்னால் பை மாதிரி சுருங்கும். கைக்குழியையும் எல்லா உடம்பும் நுழைகிற மாதிரி பெரிதாக வெட்டியிருப்பார்கள். அதனால் கையைத் தூக்கிக் கும்பிட்டால் மொத்தக் கோட்டும் காது வரை ஏறும். ரிசப்ஷன் மேடையில் மூன்று மணி நேரம் கும்பிடுவதும் கை கொடுப்பதும்தான் வேலை, யோசித்துப் பாருங்கள். தைக்கும்போது கைக்குழியை அக்குளுக்கு நெருக்கமாக, சின்னதாக வெட்டச் சொல்ல வேண்டும். கேட்கிறவர்களுக்கு அது இறுக்கும் என்று தோன்றும். உண்மையில் அப்போதுதான் கை தாராளமாக அசையும். வாடகைக் கோட் பற்றிப் பேசவே வேண்டாம், அது யாருடைய உடம்புக்கும் தைத்தது இல்லை.

அடுத்த ஆபத்து பேட். "தம்பி, ரெண்டு பேட் வச்சா ஆள் கம்பீரமா தெரிவீங்க" என்று சொல்லாத டெய்லர் குறைவு. கனத்த பேட் வைத்தால் தோள் பெரிதாகத் தெரியும், அதன் நடுவில் தலை எலுமிச்சம்பழம் மாதிரி தெரியும். அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்ட பையன் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். மெல்லிய பேட் போதும். தோள் ரொம்பச் சரிவாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கூடலாம். இடுப்பையும் ஒட்டிப் பிடித்துவிடக் கூடாது. பட்டன் போட்டபின் அந்த இடத்தில் துணி எக்ஸ் மாதிரி இழுத்தால் ஒல்லியை இன்னும் ஒல்லியாகக் காட்டும். உடம்பை மறைக்கவும் வேண்டாம், விளம்பரமும் வேண்டாம்.

துணி விஷயத்துக்கு வந்தால் ராஜபாளையத்துக்காரர்களுக்கு ஒரு வசதி. கவுண்ட் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸை ஆரம்பித்ததிலிருந்து நூல்தான் அந்த ஊரின் பேச்சு. பக்கத்து சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி, தளவாய்புரத்தில் நைட்டி. கவுண்ட் ஏற ஏற நூல் மெலியும் என்பது அங்கே டீக்கடையில்கூடத் தெரியும். கம்பளி சூட்டிங் துணியில் 'சூப்பர் 100', 'சூப்பர் 120' என்று ஓரத்தில் அச்சடித்திருப்பதும் கிட்டத்தட்ட அதே சங்கதி, ஆனால் இங்கே கணக்கு கம்பளி இழையின் மென்மைக்கு. சூப்பர் 100 என்றால் இழை 18.75 மைக்ரானுக்குள், சூப்பர் 120 என்றால் 17.75-க்குள். நம்பர் பெரிதானால் சூட்டும் சிறப்பு என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். ரொம்ப மெல்லிய துணி சீக்கிரம் கசங்கும், ஒல்லி உடம்பில் நிற்காமல் வழியும். முதல் சூட்டுக்கு 100 அல்லது 110 தாராளம்.

எடையையும் கேட்க வேண்டும். நம் வெயிலுக்கு மீட்டர் 250 கிராம் சுற்றளவில் உள்ள, காற்றுப் புகுகிற நெசவு கம்பளி நல்லது. கம்பளி என்றதும் வியர்க்கும் என்று பயப்படுகிறோம். உண்மையில் கூடுதலாக வேக வைப்பது பாலியஸ்டர் நிறையக் கலந்த துணிதான், அதுவும் வீடியோ லைட்டுக்குக் கீழே. முதுகில் பாதிக்கு மட்டும் லைனிங் வைக்கச் சொன்னால் இன்னும் ஆறுதல்.

துணியையும் பருவத்தையும் பொருத்தத் தவறிய ஒல்லிகளில் உலகப் பிரசித்தி பெற்றவர் ஒருவர் உண்டு. 1888 செப்டம்பரில் பம்பாயில் கப்பல் ஏறிய காந்தி, இங்கிலாந்தில் இறங்கும்போது பளிச்சென்று இருக்கட்டும் என்று வெள்ளை ஃப்ளானல் சூட்டை எடுத்து வைத்திருந்தார். இறங்கிப் பார்த்தால் அங்கே வெயில் காலம் முடிந்துவிட்டது, வெள்ளையில் நின்றது அவர் ஒருவர்தான். பிறகு பம்பாய்த் தையல் லண்டனுக்கு ஆகாது என்று ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸில் புதுத் துணிகள், 19 ஷில்லிங்குக்கு ஒரு தொப்பி, பாண்ட் தெருவில் 10 பவுனுக்கு ஒரு மாலைநேர சூட். அந்த 10 பவுனை வீணடித்த பணம் என்று சுயசரிதையில் அவரே சொல்லிவிட்டார். தையலில் குறை இருந்ததாக எங்கும் சொல்லவில்லை. மற்றவர்கள் மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக வாங்கியதுதான் அங்கே சிக்கல். 33 வருடம் கழித்து, 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் அவர் அரை வேட்டிக்கு மாறிய கதை எல்லாருக்கும் தெரிந்தது.

இன்னொரு ஒல்லி அப்துல் கலாம். 2002-ல் ஜனாதிபதி ஆனதும் கழுத்து மூடிய கோட் தைத்துக் கொடுத்தார்கள். மூச்சு முட்டுகிறது என்று சொல்லி, கழுத்துப் பக்கம் கொஞ்சம் திறந்து வெட்டச் சொன்னார். டெய்லர்கள் முதலில் திகைத்தாலும் வெட்டித்தான் கொடுத்தார்கள், பிறகு அதற்கே 'கலாம் சூட்' என்று பெயர் வந்துவிட்டது. ராஷ்டிரபதி பவன் டெய்லரிடமே அப்படிச் சொல்லலாம் என்றால், பஜார் டெய்லரிடம் கைக்குழி இறுக்குகிறது என்று சொல்ல வெட்கப்பட என்ன இருக்கிறது?

நிறம் பற்றி நிறைய வேண்டாம். நேவி நீலம் அல்லது நடுத்தர சாம்பல். கறுப்பு ஒல்லியை இன்னும் சுருக்கும், நெட்டுக்கோடும் அப்படியே. ஒரே நிறமாக இல்லாமல் உள்ளே இரண்டு மூன்று இழை கலந்த துணி உடம்புக்குக் கொஞ்சம் கனம் கொடுக்கும். செண்பகத்தோப்புக் காட்டின் சாம்பல் நிற அணிலைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். 1988-ல் சரணாலயமே அதற்காகத்தான் வந்தது (2021 முதல் புலிகள் காப்பகமும்கூட). தூரத்தில் சாம்பல், கிட்டத்தில் வெள்ளை முடி கலந்த நரை. அதுவும் மரம் ஏறித்தான் பிழைக்கிறது, கோட் மட்டும் ட்ரையல் பார்க்காமலே கச்சிதம் :-)

உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் விடக்கூடாது. மார்புப் பக்கம் கோட் நிமிர்ந்து நிற்க, பசையால் ஒட்டுவது ஒரு வழி, கேன்வாஸ் வைத்துத் தைப்பது இன்னொரு வழி. ஒட்டியது சல்லிசு, ஆனால் நாளாக நாளாக டிரை க்ளீனிங்கில் கொப்புளம் போடலாம். பட்டனுக்குக் கீழே துணியை இரு விரலால் கிள்ளித் தேய்த்துப் பார்த்தால், நடுவில் தனியாக ஒன்று நழுவினால் அது கேன்வாஸ். தட்டையான நெஞ்சுக்கு கேன்வாஸ் செய்கிற உதவியைப் பேட் செய்யாது. பணம் கொஞ்சம் கூடப் போனால் போகட்டும்.

ட்ரையலுக்கு இரண்டு தடவையாவது போக வேண்டும், அதுவும் கல்யாணத்தன்று போடப்போகிற சட்டையையும் ஷூவையும் போட்டுக்கொண்டு. நிற்பதோடு முடிந்துவிடாமல் உட்கார்ந்து, கும்பிட்டு, பக்கத்தில் நிற்பவர் தோளில் கை போட்டும் பார்க்க வேண்டும். கழுத்துக்குப் பின்னால் சட்டைக் காலருக்கும் கோட்டுக்கும் இடைவெளி தெரிந்தால் அப்போதே சொல்லிவிட வேண்டும். "அயர்ன் பண்ணா சரியாயிடும் தம்பி" என்பார்கள். ஆகாது.

அம்மாவின் கவலைக்கும் டெய்லரிடம் வழி இருக்கிறது. தோளையும் கைக்குழியையும் இன்றைய அளவுக்கே வெட்டிவிட்டு, முதுகு நடுத்தையலிலும் பேண்ட் பின்தையலிலும் உள்ளே ஒரு இஞ்ச் துணி விட்டுத் தைக்கச் சொன்னால் போதும். உடம்பு வந்தால் பிரித்து விடலாம். மீதித் துணியையும் இரண்டு பட்டனையும் மறக்காமல் கேட்டு வாங்கி, அம்மாவிடமே கொடுத்து பீரோவில் வைக்கச் சொல்லலாம்.