கணக்கில் வராத பிரயாணி

ஆகாய விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து ஆசாமியிடம் டிக்கெட் விலையைக் கேட்கக் கூடாது. கேட்டால் நிம்மதி போய்விடும். எனக்குப் போயிற்று.

இரண்டு வருஷங்களுக்கு முன், டெல்லியில் அத்தான் காலமாகிவிட்டார் என்று ஒரு சாயங்காலம் செய்தி வந்தது. மறுநாள் அதிகாலை விமானத்துக்கு 15,000 ரூபாய் கொடுத்தேன். பக்கத்து இளைஞர் ஒன்றரை மாதம் முன்பே 5,000-க்கு வாங்கியிருந்தாராம். இருவருக்கும் அதே அகல நாற்காலிதான். அவருக்கு ஜன்னல் வேறு!

ஊர் திரும்பியதும், இந்தக் கணக்கிலேயே உத்தியோகம் பார்க்கும் சிநேகிதர் மகனைப் பிடித்துக்கொண்டேன். பையன் பொறுமைசாலி. 1972-ல் பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியில் இருந்த கென் லிட்டில்வுட் சொன்ன விதியிலிருந்து ஆரம்பித்தான். 5,000 கொடுப்பவர் இப்போதே வாசலில் நிற்கிறார். 15,000 கொடுப்பவர் பிறகு வரலாம், வராமலும் போகலாம். அவர் வருவதற்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாத்தியம் இருந்தால், மலிவு டிக்கெட்டை மூடிவிட்டு நாற்காலியைக் காலியாக வைத்துக் காத்திரு! என்னைப் போன்ற துக்கக்காரனுக்காகத்தான் அந்த நாற்காலி காத்திருந்தது போலும்.

"ஆனால் மாமா, அதில் ஒரு கோளாறு உண்டு" என்றான். எந்த மனிதனும் 15,000 ரூபாய் டிக்கெட்தான் வேண்டும் என்று வீட்டிலிருந்து புறப்படுவதில்லை. எதிரே இருப்பதில் ஒன்றைப் பொறுக்குகிறான். மலிவு திறந்திருந்தால் பணக்காரனும் அதையே எடுப்பான். மூடினால் சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு மேல் விலைக்கு ஏறுவார்கள். சிலர் வேறு கம்பெனிக்குப் போவார்கள். சிலர் பிரயாணத்தையே விட்டுவிடுவார்கள். இந்தப் பொறுக்கும் குணத்தையே கணக்கின் நடுவில் வைத்து, 2004-ல் கல்யாண் தல்லூரியும் காரெட் வான் ரைசினும் ஒரு கட்டுரை எழுதினார்கள்.

அங்கே ஒரு சிக்கல். வாங்கியவன் பெயர் பேரேட்டில் இருக்கிறது. விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன்? ஒரு மணி நேரம் விற்பனையே இல்லை என்றால், யாரும் வரவில்லையா, வந்தவர் போய்விட்டாரா? இரண்டும் பேரேட்டில் ஒரே வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்று ஊகிக்கவும் அவர்கள் ஒரு வழி வகுத்தார்கள்.

பையன் இதைச் சொன்னபோது எனக்குத் தம்பி நினைவு வந்தது. அன்று சாயங்காலம் அவன், "நீ முன்னால் போ அண்ணா, நான் பின்னாலேயே வருகிறேன்" என்றான். அடுத்த விமானம் என்று நினைத்துக்கொண்டேன். அவனும் அதே விலையைப் பார்த்திருக்கிறான். என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவன் கேட்கிற பிள்ளை அல்ல.

ரயிலில், முன்பதிவு இல்லாத பெட்டியில், இரண்டு இரவுகள் உட்கார்ந்தபடியே வந்தான். அவன் வந்து சேர்ந்தபோது அத்தானைக் கொண்டுபோய் ஒரு நாள் ஆகியிருந்தது.

"விமானத்தில் டிக்கெட் கிடைக்கவில்லையாடா?" என்று அக்கா கேட்டாள்.

"கிடைக்கவில்லை அக்கா" என்றான்.