யந்திரத்தின் மேற் பழி

"ஓட்டைத் தகரத்தை அனுப்பினான் வெள்ளைக்காரன், அதனால்தான் அண்ணன் செத்தான்." நமது பாட்டனார் சாகும்வரை சொல்லிவந்த வார்த்தை இது. 1941-ம் வருஷம் டிசம்பர் 11-ந் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன்மீது குண்டு வீசியபொழுது அவருக்கு வயது பத்து. ஜனங்கள் ஒளிந்துகொள்ளாமல் வேடிக்கை பார்க்க வீதிக்கு வந்து நின்றார்கள். அவர்களோடு நின்ற தமையனார் வீடு திரும்பவில்லை. பாட்டியார் அதைத் தலைவிதி என்பார். பாட்டனாரோ விதியை விட்டு விமானத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தமட்டில் அவர் பகுத்தறிவுக்காரரே!

அன்று நகரைக் காக்கச் சண்டை விமானம் எதுவும் வரவில்லை. 13-ந் தேதிதான் பட்டர்வொர்த்திற்கு வந்துசேர்ந்த ஆஸ்திரேலியாவின் 453-வது படைப்பிரிவு பினாங்கு வானில் போரிட்டது. அதன் தலைவர் டிம் விகர்ஸ் உடல் வெந்த நிலையில் பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினார். பின்னர் வெள்ளையர் தீவை விட்டு நீங்கினார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கி, நகரம் காவலற்றுக் கிடக்கிறதென்று வானொலியில் அறிவித்தவர் 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' பத்திராதிபர் மாணிக்கசோதி சரவணமுத்து என்னும் தமிழர்.

பாட்டனார் தகரமென்று வைத விமானத்திற்குப் 'ப்ரூஸ்டர் பபலோ' என்று பெயர். எருமை என்பது பொருள். அமெரிக்கக் கம்பெனியொன்று செய்தது. பிரிட்டிஷார் 170 வாங்கி, ஐரோப்பிய யுத்தத்திற்கு இது உதவாதென்று கண்டு கீழ்நாடுகளுக்கு அனுப்பினார்கள். கவசத் தகடும் பிற சாமான்களும் ஏற்றப்பட்டு அது கனத்துப்போயிற்று. மலாயாவின் வெப்பத்தில் இஞ்சின் எண்ணெய் கொதித்தது, மேலேறவும் திணறியது. கனத்த துப்பாக்கிகளைக் கழற்றி இலேசானவற்றை மாட்டியும், பெட்ரோலையும் குண்டுகளையும் குறைத்தும் தொழிலாளிகள் பார்த்தார்கள். உதிரிச் சாமான்களும் போதவில்லை, அவகாசமும் இல்லை. அவர்கள்மேல் நாம் குற்றஞ் சொல்லோம்.

இவ்வளவும் அறிந்தபின் பாட்டனார் சொன்னதே சரியென்றிருந்தோம். ஆனால் ஆங்கிலப் புத்தகமொன்றில் பின்லாந்தின் கதையைப் படித்தபொழுது திகைத்தோம். அந்நாட்டார் இதே ஜாதி விமானத்தில் 44 வாங்கினார்கள். அவர்களுடையது இலேசான மாதிரி, நாடும் குளிர்நாடு, ஆகவே இரண்டும் சரிநிகரென்று சொல்லக் கூடாது. எனினும் எண்ணெய்த் தொல்லை அங்கும் இருந்தது. யந்திரத் தொழிலாளிகள் பிஸ்டன் வளையமொன்றைத் திருப்பிப் போட்டு அதை அடக்கினார்களாம்! அங்கே அந்த எருமைக்கு 'ஆகாய முத்து' என்று பெயர்.

அம்முத்துக்களில் ஒன்றுதான் இன்று உருக்குலையாமல் எஞ்சியிருக்கிறது. பி.டபிள்யூ. 372 என்னும் அவ்விமானம் 1942-ம் வருஷம் ஜூன் மாதம் சுடப்பட்டு ஓர் ஏரியில் விழுந்தது. ஓட்டிய லௌரி பெகுரி தப்பினார். 56 வருஷம் குளிர்ந்த நன்னீருக்குள் கிடந்ததை, 1998-ல் ரஷ்ய எல்லைக்குள் எடுத்தார்கள். அமெரிக்காவின் பென்சகோலா அருங்காட்சியகத்திலிருந்து 2008-ல் பின்லாந்துக்கு வந்தது. பறக்க வைக்கவுமில்லை, புதுவர்ணம் பூசவுமில்லை. உரிந்த வர்ணத்தோடு, மேலும் அழியாதபடி மட்டும் காக்கிறார்கள். முதலில் நமக்கு இது சோம்பேறித்தனமாகப் பட்டது!

நாம் செபராங் பிறையில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. சென்ற வருஷம் நாற்றங்கால் பம்பிற்கு எண்ணெய் மாற்றியதாகப் புத்தகத்தில் கையெழுத்திட்டோம். பிட்டர் மூன்று தடவை எண்ணெய் கேட்டிருந்தார். நாம் வாங்கிக் கொடுக்கவில்லை. பம்பு இறுகி நின்றது, நாற்றுக்கள் கருகின. விசாரணையில் "பழைய யந்திரம், பராமரிப்பும் போதாது" என்று எழுதிவிட்டோம். பிட்டருக்கு வேலை போயிற்று. "உங்க கையெழுத்து இருக்கே, ஐயா" என்று மட்டும் சொல்லிப் போனார்.

போன வாரம் அந்தப் புத்தகத்தைத் திறந்தோம். பக்கத்தைக் கிழித்துப் புதிதாக எழுதலாமென்று கை போயிற்று. கிழிக்கவில்லை. பழைய கையெழுத்தை அடிக்காமல், அதன் கீழே நடந்ததை எழுதித் தேதியிட்டு மானேஜர் மேசையில் வைத்தோம். பிட்டர் இப்பொழுது சுங்கை பட்டாணியில் ஒரு பட்டறையில் இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.