அடுத்த கைக்கு என்ன வேண்டும்?

பவர் பிரஸ்ஸும் ரோலிங் மில்லும் ஓடுகிற வட்டாரத்தில் விரல் துண்டாவது அபூர்வச் செய்தி அல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் துண்டான ஒரு விரல் சென்னையின் அறுவை அரங்குக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை பேர் கையில் மாறுகிறது என்று பாருங்கள். பக்கத்து மெஷின்காரர், சூப்பர்வைசர், கம்பெனி நர்ஸ், 108 வண்டியின் அவசர மருத்துவ டெக்னீஷியன் (இ.எம்.டி.), அரசு ஆஸ்பத்திரி டியூட்டி டாக்டர், ஸ்டாஃப் நர்ஸ், எக்ஸ்ரே டெக்னீஷியன், பிளாஸ்டிக் சர்ஜரி மேற்படிப்பு டாக்டர் (பி.ஜி.), அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பிசியோதெரபிஸ்ட். இவர்களில் அநேகமாக யாரும் சோம்பேறி இல்லை. அவரவர் வேலையை அவரவர் செய்துவிடுகிறார்கள். விரல் மட்டும் போய்விடுகிறது.

நர்சிங் கற்பிப்பது என் தொழில். சில காலமாக, இந்த வரிசையில் இருப்பவர்களை ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறேன். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலினர் ஒருவரோடொருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரைப் பற்றி ஒருவர் கற்பது என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இல் இதற்கு விளக்கம் கொடுத்தது. ஸ்வீடனின் லின்ஷாப்பிங்கில் 1996-லேயே மருத்துவ, நர்சிங், பிசியோதெரபி மாணவர்கள் சேர்ந்து நடத்தும் பயிற்சி வார்டு தொடங்கிவிட்டார்கள். நம் ஊரில் மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி மூன்றுக்கும் மூன்று டைம்டேபிள், மூன்று தேர்வு. மூன்றுக்கும் பொதுவான ஒரு மணி நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. ஆகவே கிடைத்த நேரத்தை ‘குழு உணர்வு’ பற்றிய சொற்பொழிவில் நான் செலவழிப்பதில்லை. குழு உணர்வு வேண்டாம் என்று எவர் சொல்லப்போகிறார்?

மேசையில் ஒரு தட்டு வைப்பேன். காஸ், சலைன் பாட்டில், ஜிப் கவர், ஸ்பிரிட், ஒரு டப்பா ஐஸ், ஒரு வெண்டைக்காய். வெண்டைக்காய்தான் விரல். முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். ‘பேக் பண்ணிக் கொடுங்க’ என்றதும் சிரிப்பு நின்றுவிடும். நல்ல அனுபவமுள்ள நர்ஸ் ஒருவர் அதை நேராக ஐஸுக்குள் புதைப்பார். இன்னொருவர் ஸ்பிரிட்டில் போடுவார். மேசையின் கடைசியில் உட்கார்ந்திருக்கும் இ.எம்.டி. பையன் பேசாமல் காஸைச் சலைனில் நனைத்துப் பிழிந்து, வெண்டைக்காயைச் சுற்றி, தண்ணீர் புகாத கவரில் போட்டு மூடி, அந்தக் கவரை ஐஸும் தண்ணீரும் கலந்த டப்பாவில் வைப்பான். அதுதான் சரி. ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு உறைந்து ரத்தக்குழாய் கெட்டுவிடும், தைக்க ஒன்றும் மிஞ்சாது. விரலில் தசை இல்லாததால் குளிர்ச்சியில் வைத்தால் ஏறக்குறைய 24 மணி நேரம் தாங்கும், சாதாரண வெப்பத்தில் 12 மணி நேரம். மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் தசையும் சேர்ந்து வருவதால் சாதாரண வெப்பத்தில் 6 மணி நேரம்தான் கணக்கு.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு டாக்டர் விளக்கம் சொல்ல வாயெடுப்பார். ‘சார், நீங்க கடைசி’ என்று சிரித்துக்கொண்டே நிறுத்திவிடுவேன். இந்த வகுப்பில் என் வேலையில் பாதி, யார் முதலில் பேசுவது என்று முடிவு செய்வதுதான். டாக்டர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் நோட்டை எடுத்துக் குறிப்பெழுத ஆரம்பித்துவிடுவார்கள், வகுப்பு அங்கேயே முடிந்தது. அதனால் வரிசை எப்போதும் தலைகீழ்.

அடுத்து ஆளுக்கொரு அட்டை. ‘உங்களுக்கு முன்னால் நோயாளியைப் பார்த்தவர் எதைச் சொல்லியிருந்தால் உங்கள் வேலை சுலபமாகியிருக்கும்? சுருக்கமாக எழுதுங்கள்.’ பி.ஜி. டாக்டர் எழுதுவார்: எத்தனை மணிக்கு அறுந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டார். எக்ஸ்ரேகாரர்: மோதிரத்தைக் கழற்றி அனுப்புங்கள், துண்டான பகுதியையும் படமெடுக்கக் கொடுங்கள். பெரும்பாலும் எதிர்பார்த்த பதில்கள்தான்.

பிசியோதெரபிஸ்ட் அட்டைதான் மேசையைத் திருப்பிப் போடும். எந்தக் கைப் பழக்கம், என்ன வேலை, யாரோடு தங்கியிருக்கிறார், ஊருக்குப் போய்விடுவாரா? ஒருமுறை பி.ஜி. ஒருவர், ‘இதெல்லாம் டிஸ்சார்ஜ் அன்னிக்குக் கேட்கிற கேள்விதானே மேடம்?’ என்றார். பிசியோ பெண் விடவில்லை: ‘இல்ல சார், தியேட்டருக்குள்ள போறதுக்கு முன்னாடி கேட்கணும்.’ அவள் சொன்ன கணக்கு எளிது. நரம்பும் தசைநாணும் தைத்து ஒட்டவைத்த விரலுக்குச் சில நாட்களிலேயே ஸ்ப்ளிண்ட் போட்டு அசைவு பழக்க வேண்டும், மாதக்கணக்கில் தொடர வேண்டும். ஆனால் இங்கே விரல் துண்டாகி வரும் ஒடியாத் தொழிலாளி பத்து பேர் தங்கும் அறையில் இருக்கிறார், சம்பளம் நின்றதும் ரயிலேறிவிடுவார். பழக்காத விரல் கட்டையாக விறைத்து, மற்ற விரல்களின் பிடிப்பையும் கெடுக்கும். சில நேரம் எலும்பைச் சற்றுக் குறைத்து மூடிவிடுவதே அவருக்கு நல்லது. பி.ஜி. சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அவளுடைய அட்டையை வாங்கித் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். ஒரு பாடநூல் அத்தியாயம் இதைச் செய்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கைக்கு இப்படிப் பல தொழில் கூடுவது நமக்குப் புதிதல்ல. வேலூரில் 1940-களின் இறுதியில் பால் பிராண்ட் தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவையால் நிமிர்த்தத் தொடங்கியபோதே, விரலைப் பழக்க பிசியோ ஆட்களும் மரவேலைப் பட்டறையும் செருப்புத் தைப்பவர்களும் கூடவே வந்தார்கள். வடசென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே ஒரு பிரிவை வளர்த்தார். விரல்நுனிக் காயத்துக்கு அவர் 1980-இல் வெளியிட்ட முக்கோண மடல் முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

யாரும் எதிர்பார்க்காத அட்டை இன்னொன்று உண்டு, மருத்துவ சமூகப் பணியாளருடையது. ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டரில் ‘வேலை செய்யும்போது மெஷினில் சிக்கி’ என்று எழுதியிருக்கிறதா? கூட வந்தவர் தமிழில், ‘ரூமில் கீழே விழுந்துட்டான்’ என்பார். அடிபட்டவருக்குத் தமிழ் தெரியாது, எதிர்த்துச் சொல்லவும் தெம்பிருக்காது. அவசரத்தில் அதையே எழுதிவிட்டால் அது வேலையிடக் காயம் அல்ல என்றாகிவிடும். இ.எஸ்.ஐ.யில் தற்காலிக ஊனத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்க வேண்டியவர் வெறுங்கையோடு நிற்பார். நோயாளியிடமே, அவர் மொழி தெரிந்த ஒரு சக தொழிலாளி மூலம் கேட்டு எழுதச் சொல்வேன். கூட வந்த ஆளை ஐந்து நிமிடம் டீ குடிக்க அனுப்புவதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

இப்போது எங்களுக்குள் ஒரு வழக்கு நடக்கிறது. சூப்பர்வைசர்களையும் கூப்பிட வேண்டும் என்கிறேன் நான். ‘அவங்க ஹெல்த் ப்ரொஃபஷனல் இல்லையே’ என்கிறார்கள் சிலர். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி என்றது, ஆம்புலன்ஸ் அறையை 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்துக்குத்தான் கட்டாயமாக்கியது. சின்ன ஒர்க்‌ஷாப்பில் நர்ஸ் ஏது? வெண்டைக்காய் முதலில் சூப்பர்வைசர் கையில்தான் விழும்.

கடைசியில் சூப்பர்வைசர் ஒருவர் வந்தார். தட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: ‘நைட் ஷிஃப்ட்ல ஐஸுக்கு எங்க போறது மேடம்? கேன்டீன் பூட்டியிருக்குமே.’ டாக்டரிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. கம்பெனி நர்ஸ் ஒருவர்தான் யோசித்துச் சொன்னார், டி.டி. ஊசி மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் ஐஸ் பேக் எப்போதும் இருக்கும், ஆனால் அறைச் சாவி தன்னிடம்தான் என்று. அன்றைய மிச்ச நேரம் முழுவதும் மாற்றுச் சாவியை எந்த செக்யூரிட்டியிடம், யார் கையெழுத்தோடு கொடுப்பது என்பதிலேயே போனது.