நாவலருக்குப் பக்கத்தில் வள்ளலார்

தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த ஓர் அறைக்குள் தேவார ஏடுகள் இருந்தன. பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்கள். இராசராசன் சளைக்கவில்லை, மூவரின் திருமேனிகளையே எழுந்தருளச் செய்து வாசலில் நிறுத்தினான். திறந்து பார்த்தால் ஏடுகளின் மேல் புற்று. செல்லரித்தது போக மிஞ்சியதைத் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். உமாபதி சிவம் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணம் சொல்லும் கதை இது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பக்திக் கதையாகக் கேட்டு வளர்ந்தது. வயதான பிறகு எனக்கு இது நூலகக் கதையாகத்தான் படுகிறது. பத்திரப்படுத்தியவர்கள் ஒரு பக்கம், படிக்கக் கேட்டவர்கள் மறு பக்கம். இருவரும் வழக்காடி முடிக்கும்வரை கரையான் காத்திருக்கவில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையாவும் கரையானோடு போட்டி போட்டவர்தான். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய நூல்களோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம் என்று மற்றவர்கள் எடைக்குப் போடுவதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் காலமானார். பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கியும் கப்பலேற்றவில்லை, 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாகத் திறந்தது. மறைமலையடிகள் நூலகமும் ஒரு தனிமனிதர் சேர்த்த நூல்களிலிருந்து 1958இல் முளைத்ததே. 1896இல் திறந்த கன்னிமாராவுக்கோ, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி வந்தாக வேண்டும்.

எல்லாம் சென்னையில். புவனகிரிக்காரன் விடிகாலை பஸ் ஏறிப் போய், சீட்டில் நூற்பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டும். சங்கடம் அந்தச் சீட்டில்தான். எதை எழுதுவது? அரிய நூல் பகுதியில் அலமாரிகளுக்கு இடையே நடந்து தேட விடமாட்டார்கள். விடாததும் நியாயமே, நூற்றைம்பது வருஷத்துத் தாள் விரல் பட்டாலே உதிரும். ஆக, கேட்கத் தெரிந்தவனுக்கு மட்டும் திறக்கிற கதவு அது. பேரே தெரியாத புத்தகத்தை எப்படிக் கேட்பது?

இதை முறையாக யோசித்தவர் கொள்ளிடத்துக்கு அக்கரைக்காரர், 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்பது. மற்ற நான்கையும் மேடையில் சொல்லிவிட்டுப் போகலாம். இது நூலகரை உட்கார விடாத விதி. திறந்த அடுக்கு, புது வரவுக் காட்சி, ஒரு பொருளை ஒட்டிய நூல்களைப் பொறுக்கித் தனியே வைப்பது எல்லாம் இதற்குள் அடக்கம். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்திலும் அவர் கை உண்டு. வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோமே, அது இந்தச் சட்டத்தால்தான். (நூலகத்தை எட்டிக்கூடப் பார்க்காதவர்களும் கட்டுகிறார்கள். பார்த்தால் கொடுத்த காசாவது கழியும்.)

எங்கள் கிளை நூலகத்தில் காலையில் பேப்பர் படிக்கும் பெரியவர்கள், பகலெல்லாம் போட்டித் தேர்வுப் பிள்ளைகள். "நம்ம ஜில்லா புத்தகமா ஒரு தட்டு வைக்கலாமே மேடம்" என்றேன் நூலகரிடம்.

"வச்சிடலாம் சார். எடுத்துட்டுப் போக ஆள் வரணும்ல?"

"ஊர்ப் பெருமைன்னு எழுதினா எவரும் தொட மாட்டாங்க. சண்டைன்னு எழுதுங்க."

சண்டைக்கு எங்கள் ஜில்லாவில் பஞ்சமில்லை. நாங்கள் எடுத்தது அருட்பா மருட்பாச் சண்டை. வள்ளலார் என்கிற இராமலிங்க அடிகளின் பாடல்களைத் திருவருட்பா என்ற பெயரில் 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பித்தார். அந்தப் பெயர் தேவார திருவாசகங்களுக்கே உரியது என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எழுந்தார். அடிகள் பிறந்த மருதூர் எங்களுக்குப் பக்கம். நாவலர் 1864இல் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியது சிதம்பரத்தில். பேச்சு முற்றி 1869இல் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குப் போயிற்று. அடிகள் உள்ளே நுழைந்ததும் வழக்குப் போட்ட நாவலரே எழுந்து நின்றாராம், செவிவழிக் கதை. இருவரும் மறைந்த பின்னும் அவரவர் ஆட்கள் ஓயவில்லை. நாவலர் தரப்பில் கதிரைவேற்பிள்ளை. அடிகள் தரப்பில் மறைமலையடிகள், சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். பக்கத்துக்குப் பக்கம் வசவு. சைவத் தமிழுக்கு இவ்வளவு காரம் உண்டா என்று திகைப்பாக இருக்கும். அந்தக் கண்டனங்களைத் தேடித் தொகுத்து ப. சரவணன் ஒரு திரட்டாகவே கொடுத்திருக்கிறார். துண்டுப் பிரசுரத்தையும் தூக்கி எறியாமல் வைத்தவர்கள் இருந்திராவிட்டால் தொகுக்க என்ன மிஞ்சியிருக்கும்?

வேடிக்கை என்னவென்றால், திருவருட்பா ஆன்மிகத்தில் இருக்கும், நாவலர் வாழ்க்கை வரலாற்றில், கண்டனத் திரட்டு இலக்கியத்தில். மூன்றும் மூன்று மூலை. வகைப்படுத்தியதில் பிழையில்லை, ஆனால் வழக்கு மட்டும் காணாமல் போய்விடுகிறது. மூன்றையும் ஒரு தட்டில் சேர்த்தபோதுதான் ஒன்றுக்கொன்று பதில் சொல்ல ஆரம்பித்தன. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி திரட்டைப் புரட்டிவிட்டு, "சாமி பாட்டுக்கா சார் இவ்ளோ திட்டிக்கிட்டாங்க?" என்றாள். வருஷத்தை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டாள். அதுவும் ஒரு வாசிப்புதான்.

அடுத்த தட்டுக்குப் பட்டியல் போடுவது சுலபமாக இருந்தது. கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி. போக்குவரத்துக் கழகப் பணிமனை வேலைக்கு நடுவே அவர் சேர்த்த சொற்கள். இமையம், தங்கர் பச்சான். திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனையும் வைத்தோம். நெல்லைக்காரர்கள் சண்டைக்கு வரலாம். விருத்தாசலம் என்ற இயற்பெயரே எங்களுக்குச் சாட்சி. மஞ்சக்குப்பத்து ஜெயகாந்தன் இல்லாமல் முடியாது. பாரதியும் உண்டு, 1918இல் புதுவையை விட்டு வந்ததும் கைதாகி அடைபட்டது கடலூரில்தானே.

சென்னைக்குப் போக முடியாதவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் கைப்பேசியிலேயே திறக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின, ஏட்டுச் சுவடிகளோடு. இன்னோர் இடத்தில் படி எடுத்து வைப்பதன் அருமையை அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் எத்தனை லட்சம் பக்கம் திரைக்கு வந்தாலும், தேடல் கட்டத்தில் எதைத் தட்டுவது என்ற பழைய சீட்டுச் சங்கடம் அங்கேயும் தொடர்கிறது. அதனால் தட்டில் ஒட்டிய தாளிலேயே, இணையத்தில் கிடைக்கும் நூல்களின் பெயரையும் மேடம் எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது எங்களுக்குள் ஒரு தகராறு. இராகவேந்திரர் பிறந்த ஊர் புவனகிரி. அவரைப் பற்றிய புத்தகங்களை உள்ளூர்த் தட்டுக்குக் கொண்டுவந்தால் புதுமைப்பித்தனுக்கும் பாரதிக்கும் இடமிருக்காது. ஆன்மிக அலமாரியிலேயே விட்டால், சொந்த ஊரில் அவருக்கே இடமில்லையா என்று வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை பக்தர்கள் கேட்பார்கள். இன்னொரு அலமாரி கேட்டு எழுதியிருக்கிறார் மேடம்.