பெயர் சூட்டிய சேமிப்பு

பாலாற்றங்கரையில் கல்விக்கெனப் பொருள் சேர்ப்பது புதிய வழக்கமன்று. தோல் வாணிபத்தில் ஈட்டிய செல்வத்தின் ஒரு பகுதியை எம் முன்னோர் கல்விக்கூடங்களாக விட்டுச் சென்றனர். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் எழுந்தது. மேல்விஷாரத்தில் தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம் சாகிபின் பெயர் தாங்கிய கல்லூரி 1965இல் தோன்றியது. ஊரே சேர்ந்து சேமித்ததனால் தனி மனிதனின் சுமை ஓரளவு குறைந்தது.

இன்றோ தொழிற்கல்விக் கட்டணத்தோடு விடுதி, பேருந்து, கணினி எனச் செலவு பெருகுகிறது. வருவாய் சீராக இல்லை. 1996இல் தோல் ஆலைகளின் மாசு குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும், 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோதும் எங்கள் தெருவில் எழுந்த கேள்வி ஒன்றே: ‘அடுத்த மாதம் வேலை உண்டா?’

ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையொன்றில் கணக்கெழுதும் எனக்கு ஒரே மகள். இவ்வாண்டு சூன் திங்களில் எட்டாம் வகுப்பில் சேர்ந்தாள். கல்லூரிக்கு அறுபது மாதங்கள். மாதம் 2,000 ரூபாய் ஒதுக்கினால் 1,20,000 ரூபாய். கணக்கு எளிது, பணத்தை எங்கே வைப்பது என்பதே கடினம்.

வட்டி மார்க்கம் விலக்கியது. ஏலச்சீட்டில் அவசரத் தேவையுள்ளவர் தள்ளிக் கொடுக்கும் தொகையை மற்றவர் பங்கிட்டுக்கொள்வதும் என் மனத்துக்கு ஒப்பவில்லை. குலுக்கல் சீட்டில் அது கிடையாது. இருபது பேர் மாதம் 2,000 கட்டினால், பெயர் விழுந்தவர் 40,000 பெறுவார். முந்திப் பெற்றவரும் பிந்திப் பெற்றவரும் கட்டுவது ஒரே தொகை. ஆனால் பணம் வளராது. சீட்டு நடத்துபவரின் நாணயமே அதற்குப் பிணை. எங்களுக்கு மூன்றாம் மாதமே சீட்டு விழுந்தது. விலை ஏறலாம், இறங்கலாம் என்பதை அறிந்தே அதைத் தங்கக் காசுகளாக மாற்றினோம்.

உண்மையான இடர் அதன் பின்னரே வந்தது. பெண் பிள்ளைக்கென்று தங்கம் சேர்ந்தால் உறவினர் கண்ணுக்கு அது திருமண நகையாகவே தோன்றும். “தம்பி, இன்னும் கொஞ்சம் சேர்ந்தா நெக்லஸ் ஆயிடுமே” என்றார் என் தமக்கையார். என் துணைவியார் மென்மையாக, “அது படிப்புக் காசு அக்கா. கழுத்துக்கு வராது” என்றார்.

தமக்கையாரின் கவலையைப் பொய்யென்று தள்ளுவதற்கில்லை. ஊர் வழக்கை அறிந்து பேசியவர் அவர். எனினும் அன்று மாலையே என் துணைவியார் அக்காசுகளைத் தனிப் பையிலிட்டு, மேலே மகளின் பெயரையும் ‘கல்லூரி’ என்ற சொல்லையும் எழுதச் செய்தார். எழுதியவள் மகளே.

வாசக அன்பர்களே, சிறுகச் சேர்ப்பதை நாம் அறிவோம். சேர்ப்பது எதற்கென்று வீட்டார் அனைவரும் அறியச் சொல்லி வைப்பதும் அதைப் போன்றே இன்றியமையாதது. பெயரிடாத பணத்தை முதலில் வந்த தேவை கொண்டுபோய்விடும்.